சாவுக்குக் காரணம் எழுதாமல் மாநிலத்தின் உடல்நலத்தை எப்படி அளப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தமிழ்நாட்டின் பொது சுகாதாரம் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் சொன்ன எண்களில் பிழை இல்லை. 2018-20ஆம் ஆண்டுக் கணக்கில் உயிரோடு பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு நாடு முழுவதும் 97 தாய்மார்கள் இறந்தபோது தமிழ்நாட்டில் 54 பேர். 2020இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறந்தவை நாட்டில் 28, நம்மிடம் 13. நிதி ஆயோக்கின் 2019-20 சுகாதாரக் குறியீட்டிலும் பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான். ஆனால் இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு தமிழ்நாட்டு மக்கள் நலமாக இருக்கிறார்கள் என்று கட்டுரையாளர் முடிவு கட்டியதை என்னால் ஏற்க முடியவில்லை. கடிதம் நீளும். பொறுத்துக்கொண்டு முழுவதும் வெளியிட வேண்டுகிறேன்.

நான் சென்னிமலைப் பக்கத்துக் கிராமங்களில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். ஊருக்குள் நர்சம்மா என்று கேட்டால்தான் தெரியும். அந்த 97 நமக்கு 54 ஆனதில் என்னைப் போன்றவர்களின் உழைப்புக்குப் பங்குண்டு என்று தலை நிமிர்ந்து சொல்வேன். எந்த வீட்டில் எந்தப் பெண்ணுக்கு நாள் தள்ளிப் போயிருக்கிறது, எவளுக்கு முதல் பிரசவம் ஆபரேஷன், எவளுக்கு ரத்தம் எட்டுக்குக் கீழே, எந்தத் தோட்டத்துச் சாளை வீட்டில் புதிதாகக் குடிவந்த பெண் மாசமாக இருக்கிறாள் என்பதெல்லாம் எங்கள் பதிவேட்டில் இருக்கும். பதிவேட்டில் இல்லாவிட்டால் மனதில் இருக்கும். தடுப்பூசிக்கு வராத குழந்தையைத் தேடிக் காட்டுக்குள் நடந்து போயிருக்கிறோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வாதம் முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது. ஒரு கர்ப்பிணியோ பிள்ளை பெற்றவளோ இறந்துவிட்டால் அந்தச் சாவை இந்த மாநிலம் சும்மா விடாது. 24 மணி நேரத்துக்குள் மேலிடத்துக்குத் தகவல் போக வேண்டும். பிறகு வீட்டுக்கு ஆள் வரும். எத்தனை மணிக்கு வலி வந்தது, யாரிடம் முதலில் சொன்னார்கள், வண்டி எப்போது வந்தது, முதல் ஆஸ்பத்திரியில் எவ்வளவு நேரம் வைத்திருந்தார்கள், ஏன் அடுத்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள், ரத்தம் கிடைத்ததா, மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் இருந்தாரா என்று ஒவ்வொரு மணி நேரத்தையும் கேட்டு எழுதுவார்கள். மாவட்ட ஆட்சியர் முன்னால் எல்லோரும் உட்கார வேண்டும். செவிலியரான நாங்களும் பதில் சொல்ல வேண்டும். அந்தக் கூட்டத்துக்குப் போகிற நாளில் காலையில் சோறு இறங்காது. ஆனாலும் அந்த விசாரணைதான் வழியைக் காட்டியது. வீட்டில் முடிவெடுக்கத் தாமதமா, வண்டிக்குத் தாமதமா, ஆஸ்பத்திரியில் தாமதமா என்று பிரித்துப் பார்த்த பிறகுதான் இருபத்து நான்கு மணி நேரமும் ஆபரேஷனும் ரத்தமும் கிடைக்கிற சீமாங் மையங்கள் அரசு ஆஸ்பத்திரிகளில் வலுப்பெற்றன. ஆரம்ப சுகாதார நிலையங்களில் ராத்திரியிலும் பிரசவம் பார்க்க ஸ்டாஃப் நர்ஸ் வந்தார்கள். 2008இல் 108 வண்டி வந்தது. ஒவ்வொரு சாவையும் கேட்டோம், அதனால் சாவு குறைந்தது.

அப்படிக் கேட்கப்படாத சாவுகளைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பக்கத்தில் ஒரு தறித் தொழிலாளி இறந்தார். ஆளை அடையாளம் காட்டாமல் சொல்கிறேன். வயது ஐம்பதைத் தொடவில்லை. கருமாதி முடிந்து சில நாள் கழித்து, அந்த வீட்டுப் பேரனுக்கு ஊசி போட வேண்டி நான் போனேன். தறிக்குடோனில் பாதித் தறி ஓடவில்லை. அவர் மனைவி திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

“நல்லாத்தானுங்க நர்சம்மா இருந்தாரு. ராத்திரி ஷிப்ட் முடிச்சு வந்து ரெண்டு வாய் சோறு உண்டுட்டு படுத்தாரு. வெடியால எழுப்புனா ஒடம்பு சில்லுன்னு கெடக்குது.”

கால் வீங்குமா அம்மிணி என்று கேட்டேன். சாயங்காலமானால் செருப்பு நுழையாதுங்க என்றார். மல்லாக்கப் படுத்தால் மூச்சு வாங்குகிறது என்று ரெண்டு தலைகாணி வைத்துச் சாய்ந்தபடியே தூங்குவாராம். கொஞ்ச நாளாக வாய்க்குச் சோறு பிடிக்கவில்லையாம். உள்ளே போய் ஒரு மஞ்சப்பையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். அதில் சர்க்கரை பார்த்த பழைய லேப் சீட்டு ஒன்று இருந்தது, எண்ணின் கீழே பேனாவால் இரண்டு கோடு. பிரஷர் மாத்திரை அட்டை ஒன்று, நாலைந்து மாத்திரைதான் குறைந்திருந்தது. மீதி எல்லாம் மேல் வலி மாத்திரையின் காலி அட்டைகள், ஒரு கை நிறைய. “நின்னுட்டே வேலைங்க, இடுப்பு ஒடஞ்சு போகுதும்பாரு. மெடிக்கல்ல ரெண்டு வாங்கிப் போட்டாத்தான் தறிக்கே போவாரு. தெனமும் அப்படித்தானுங்க.”

நான் டாக்டர் இல்லை. ஆனால் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் கவனிக்காமல் கிடந்தால் சிறுநீரகம் என்ன ஆகும், அதன் மேல் வலி மாத்திரையைத் தினமும் போட்டால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பையை எந்த ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் காட்டியிருந்தாலும் சிறுநீரகத்தைப் பற்றித்தான் முதலில் கேட்டிருப்பார். கிராம நிர்வாக அலுவலரிடம் சாவைப் பதியப் போன மகனிடம், எதில் போனார் என்று கேட்டிருக்கிறார்கள். நெஞ்சு வலி என்று எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். பாவம், அவனுக்கு என்ன தெரியும்? அலுவலரையும் நான் குறை சொல்ல மாட்டேன். நில வரி, பட்டா, சாதிச் சான்று என்று ஆயிரம் வேலைக்கு நடுவே அவர் நோயைக் கண்டுபிடித்து எழுத முடியுமா?

இதுதான் நம் ஊர்களில் நடப்பு. சாவை 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது 1969ஆம் ஆண்டுச் சட்டம். நம் மாநிலத்தில் சனங்கள் அதை ஒழுங்காகவே செய்கிறார்கள், ஏனென்றால் வாரிசுச் சான்று, ரேஷன் கார்டு, இன்சூரன்ஸ் எல்லாவற்றுக்கும் இறப்புச் சான்றிதழ் வேண்டும். அந்தச் சான்றிதழில் காரணம் அச்சாகாது. அது பதிவுப் படிவத்தின் புள்ளிவிவரப் பகுதியில் போய் உட்கார்ந்துவிடும். ஆஸ்பத்திரியில் இறந்தால் மருத்துவர் நான்காம் எண் படிவத்தில் காரணம் எழுதித் தர வேண்டும். வீட்டில் இறந்தால், கடைசியாக வைத்தியம் பார்த்த மருத்துவர் 4-ஏ படிவத்தில் எழுதித் தர வேண்டும். வீட்டில் செத்தவருக்கு எந்த மருத்துவர் வந்தார்? அதனால் வயது மூப்பு, நெஞ்சு வலி, உடல்நலக் குறைவு என்று மூன்று நான்கு சொற்களுக்குள் ஓர் ஊரின் சாவு முழுவதும் அடங்கிவிடுகிறது. 2020ஆம் ஆண்டில் இந்தியா முழுவதும் பதிவான இறப்புகளில் மருத்துவர் காரணம் எழுதிச் சான்று தந்தவை நூற்றுக்கு 22.5 மட்டுமே. தமிழ்நாட்டின் நிலை நாட்டின் சராசரியை விட மேல்தான். ஆனால் வீட்டுச் சாவு என்று வரும்போது எங்கள் தோட்டத்துச் சாளைகளின் கதை நான் மேலே சொன்னதுதான்.

இது வெறும் கணக்குப் பிரச்சினை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நொய்யலை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாக வந்து காவிரியில் சேர்கிற ஆறு. எங்கள் சென்னிமலை, காங்கயம் பக்கத்தில், வெள்ளாமைக்கு என்று 1992இல் ஒரத்துப்பாளையம் அணையைக் கட்டினார்கள். சில ஆண்டுகளிலேயே அதில் தேங்கியது சாயப்பட்டறைத் தண்ணீர். அணையில் தண்ணீர் நிறுத்தாதீர்கள் என்று உழவர்களே கேட்கிற நிலைமை வந்தது. கிணறு உப்பானது, தென்னை குட்டை விழுந்தது, மாடு அந்தத் தண்ணீரில் வாய் வைக்காது. ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றத்தில் பல ஆண்டு போராடி, 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பிறகு சொட்டுக் கழிவும் வெளியே விடக் கூடாது என்ற நிபந்தனையோடு பட்டறைகள் திறந்தன. மண்ணுக்கும் தண்ணீருக்கும் எவ்வளவு சேதம் என்று அளந்தார்கள், நட்டஈடும் கணக்கிட்டார்கள். மனிதர்களுக்கு?

ஆற்றோரத்து ஊர்களில் நான் வீடு வீடாகப் போன காலத்தில் எல்லோரும் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான். “நர்சம்மா, எங்க ஊர்ல மட்டும் ஏனுங் இத்தன பேருக்கு கிட்னி போகுது? இந்தத் தண்ணிதானுங்களா?” ஒரு தெருவைக் காட்டி, இந்த வீடு, அந்த வீடு, மூலை வீடு என்று விரல் விட்டு எண்ணுவார்கள். அவர்கள் சொல்வது உண்மையாக இருக்கலாம். நொய்யல் பாயாத ஊரிலும் இதே அளவு இருக்கலாம். சர்க்கரையும் மேல் வலி மாத்திரையும் காரணமாக இருக்கலாம், தண்ணீரும் அதுவும் சேர்ந்தே இருக்கலாம். எது என்று சொல்ல வேண்டுமானால் இருபது முப்பது ஆண்டுகளாக இரு கரையிலும் யார் யார் எதனால் செத்தார்கள் என்ற பதிவு வேண்டும். அது ‘நெஞ்சு வலி’ என்றும் ‘வயது மூப்பு’ என்றும் கிடக்கிறது. ஆற்றுக்கு அநியாயம் நடந்தது என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க முடிந்த எங்கள் சனத்தால், தங்கள் உடம்புக்கு என்ன நடந்தது என்று இன்றுவரை நிரூபிக்க முடியவில்லை. எனக்கு ஆறாத வருத்தம் இதுதான்.

தறிக்கும் பஞ்சுக்கும் இதே கதி. பஞ்சுத்தூசியால் வரும் நுரையீரல் நோய் தொழிற்சாலைச் சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்று. ஆனால் சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம், சென்னிமலை என்று வீட்டோடு சேர்ந்த குடோன்களில் நாலு தறி, ஆறு தறி போட்டிருக்கிறவர்களை எந்தத் தொழிற்சாலை ஆய்வாளர் பார்க்கிறார்? முப்பது வருடம் பஞ்சைச் சுவாசித்தவர் இருமி இருமிச் செத்தால் ‘இழுப்பு’ என்கிறோம். தற்கொலையும் அப்படியே. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022இல் மகாராஷ்டிரத்துக்கு அடுத்தபடியாகத் தமிழ்நாட்டில்தான் அதிகம், 19,834 பேர். கடன், குடி, பனியன் கம்பெனியில் வேலை போனது, வீட்டுக்குள் அடி என்று உள்ளே எத்தனையோ இருக்க, வெளியே வருவது வயிற்று வலி என்ற ஒரே காரணம். தங்கள் நாளிதழ் உட்பட எல்லாப் பத்திரிகையிலும் அப்படித்தான் வருகிறது. குடும்பத்தின் மானம் கருதி வெளியே மறைப்பதை நான் புரிந்துகொள்கிறேன். அரசின் ஏட்டிலுமா மறைய வேண்டும்?

சர்வேக்கள் இருக்கின்றனவே என்று கேட்பார்கள். இருக்கின்றன, அவை நல்ல சர்வேக்கள். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு நம் மாநிலத்தில் சுமார் 28 ஆயிரம் வீடுகளில் கேட்டது. பிரசவங்களில் 99.6 சதவீதம் ஆஸ்பத்திரியில் நடந்தன என்பதை எல்லோரும் மேடையில் சொல்கிறார்கள். அதே அறிக்கையில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை என்றும், நூற்றுக்கு 40 பேர் எடை கூடியவர்கள் என்றும் இருக்கிறது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளின் ரத்தசோகை, முந்தைய கணக்கில் 50.7 ஆக இருந்தது 57.4 ஆக ஏறியிருக்கிறது. இதை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை.

ரத்தசோகையும் எடை கூடுவதும் ஒரே தெருவில் எப்படி இருக்கும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். ஒரே உடம்பிலேயே இருக்கும். எட்டு மணி பனியன் கம்பெனி வண்டிக்கு ஓடுகிற பெண்ணுக்குக் காலையில் டீயும் பன்னும். மத்தியானம் ரேஷன் அரிசிச் சோறு, ரசம், தொட்டுக்கொள்ள அப்பளம். பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும் கம்பெனி டீ, வடை. பகல் முழுவதும் மிஷின் முன்னால் உட்கார்ந்த வேலை. அம்மிச்சி காலத்துக் கம்மஞ்சோறும் ராகிக்களியும் கொள்ளுப் பருப்பும் வீட்டை விட்டுப் போய் வெகு காலமாகிறது. எடை ஏறும், ரத்தம் ஏறாது.

இரும்புச் சத்து மாத்திரையை நாங்கள் கொடுக்காமலா இருந்தோம்? மாதம் தவறாமல் கொடுத்தோம், கொடுத்த கணக்கை எழுதினோம், மேலே அனுப்பினோம். ஒருநாள் ஒரு கர்ப்பிணி வீட்டில் அரிசி டிரம்மை நகர்த்தும்போது பின்னாலிருந்து நான் கொடுத்த அட்டைகள் பிரிக்காமல் விழுந்தன. சாப்பிட்டால் குமட்டுகிறது, வெளிக்குப் போனால் கறுப்பாகப் போகிறது, மாமியார் பயப்படுகிறார் என்று அந்தப் பெண் அழுதாள். அவளைத் திட்டி என்ன ஆகும்? சோறு உண்டுவிட்டுப் படுக்கப் போகும்போது போடு, எலுமிச்சம்பழச் சாறு குடி, டீயோடு போடாதே என்று சொல்லி, அடுத்தடுத்து ரத்தம் பார்த்தபோதுதான் ஏறியது. மாத்திரை கொடுத்த கணக்கு வேறு, ரத்தம் ஊறிய கணக்கு வேறு. மேலதிகாரிகள் எங்களிடம் கேட்டது எப்போதும் முதல் கணக்கைத்தான்.

அதே தவறு இப்போது ரத்தக்கொதிப்பிலும் சர்க்கரையிலும் நடந்துவிடக் கூடாது என்பது என் கவலை. 2020இல் தமிழ்நாட்டில் 18 முதல் 69 வயது வரையுள்ளவர்களிடம் ஸ்டெப்ஸ் என்ற ஆய்வு நடந்தது. மூன்றில் ஒருவருக்கு, சரியாகச் சொன்னால் 33.9 சதவீதம் பேருக்கு, ரத்தக்கொதிப்பு. அவர்களில் அது கட்டுக்குள் இருந்தவர்கள் வெறும் 7.3 சதவீதம். சர்க்கரை 17.6 சதவீதம் பேருக்கு, கட்டுக்குள் இருந்தவர்கள் அவர்களில் 10.8 சதவீதம். இந்த 7.3தான் அன்றைய தமிழ்நாட்டின் உண்மையான உடல்நிலை என்று நான் சொல்வேன். தாய் மரணத்தில் நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலத்தில், பிரஷர் உள்ள நூறு பேரில் தொண்ணூற்று இரண்டு பேர் எந்த நேரத்திலும் பக்கவாதம் வரலாம் என்ற நிலையில் நடமாடிக்கொண்டிருந்தார்கள்.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இதற்கு விடையாகத்தான் வந்தது. மனதாரப் பாராட்டுகிறேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நின்று பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கிற அந்தப் பெண்கள், எங்கள் இளமைக் காலத்தை நினைவுபடுத்துகிறார்கள். தோட்டத்துச் சாளையில் தனியாக இருக்கிற அப்பாருக்கும் ஆத்தாவுக்கும் அவர்கள் வருகை ஒன்றே பெரிய தெம்பு. ஆனால் செய்தியில் வருவது இத்தனை கோடிப் பேர் பயனடைந்தார்கள் என்ற எண். இத்தனை பேருக்கு மாத்திரை போய்ச் சேர்ந்தது என்பது தெரிகிறது. எத்தனை பேருக்குப் பிரஷர் 140க்குக் கீழே இறங்கியது என்று வட்டாரம் வட்டாரமாக ஆண்டுதோறும் சொல்லுங்கள். 7.3 இன்றைக்குக் கூடியிருக்கும் என்று நம்புகிறேன். சென்னிமலை ஒன்றியத்தில் எவ்வளவு, தாளவாடியில் எவ்வளவு என்று தெரிந்தால்தான் எங்கே ஆள் போட வேண்டும், எங்கே மருந்து போதவில்லை என்று தெரியும்.

தாளவாடி என்றதும் நினைவு வருகிறது. ஈரோடு மாவட்டம் என்று ஒரே எண்ணாகப் போடும்போது பர்கூர் மலையும் கடம்பூர் மலையும் அதற்குள் காணாமல் போகின்றன. மலையில் பிரசவ வலி வந்தவளைத் தொட்டில் கட்டித் தூக்கி வருகிற நிலையும், ஈரோட்டில் மூலைக்கு மூலை ஸ்கேன் சென்டர் இருக்கிற நிலையும் சேர்ந்து ஒரு சராசரி. திருப்பூரிலும் பெருந்துறை சிப்காட்டிலும் வேலை செய்கிற பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் பிள்ளைகள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஒரே அறையில் ஏழெட்டுப் பேர். காசநோய் வந்தால் பாதி மருந்தில் ஊருக்கு ரயில் ஏறிவிடுகிறார்கள். ஐம்பது தாண்டிய பெண்களையும் யாரும் கேட்பதில்லை. பிள்ளை பெறுகிற வயது முடிந்ததும் அவர்கள் எங்கள் பதிவேட்டை விட்டே போய்விடுகிறார்கள். 2021 மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டில் அறுபது வயது தாண்டியவர்கள் 13.6 சதவீதம், கேரளத்துக்கு அடுத்து நாம்தான். நம் மாநிலத்துக்கு வயதாகிவிட்டது. நாம் வைத்திருக்கிற அளவுகோல் இன்னும் தொட்டிலுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது.

அரசிடம் நான் கேட்பது பெரிய செலவு வைக்கும் காரியம் அல்ல. முப்பது வயதிலிருந்து எழுபதுக்குள் வீட்டில் நடக்கிற ஒவ்வொரு சாவுக்கும், ஒரு மாதத்துக்குள் சுகாதாரத் துறையிலிருந்து ஒருவர் வீட்டுக்குப் போக வேண்டும். வகுத்துவைத்த கேள்விகளைக் கேட்டு, இருக்கிற சீட்டுகளைப் பார்த்து எழுத வேண்டும். அதை மருத்துவர் படித்துக் காரணம் குறிக்க வேண்டும். புதிய முறை ஒன்றும் இல்லை. மத்திய அரசின் மாதிரிப் பதிவு முறையில், தேர்ந்தெடுத்த ஊர்களில் இப்படித்தான் உறவினரிடம் கேட்டு எழுதி, இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே படித்துக் காரணம் குறிக்கிறார்கள். தாய் மரணத்துக்கு நாமே பல ஆண்டாகச் செய்து பழகியதும் இதைத்தான்.

வேலை தாங்குமா என்பார்கள். ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு ஐந்தாயிரம் பேர். நம் மாநிலத்தில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு ஆறு பேர் அளவில் இறக்கிறார்கள். ஆக ஒரு செவிலியரின் எல்லைக்குள் வருடம் முப்பது சாவு. அதில் ஆஸ்பத்திரிச் சாவையும் எழுபது தாண்டியவர்களையும் கழித்தால் மாதம் ஒன்றோ அதற்கும் குறைவோதான் மிஞ்சும். அதற்கு நேரம் இல்லை என்றால், காலிப் பணியிடங்களை நிரப்பாததும், ஒரே விவரத்தை நாலு ஆப்பில் நாலு தடவை ஏற்றச் சொல்வதும்தான் காரணமாக இருக்கும். அவற்றை முதலில் சரி செய்யுங்கள். இதற்கென்று இன்னொரு ஆப் மட்டும் வேண்டாம், தயவு செய்து.

துக்க வீட்டில் போய் இதைக் கேட்டால் சண்டைக்கு வருவார்கள் என்றும் சொல்வார்கள். என் அனுபவம் அப்படி இல்லை. கருமாதி கழிந்து, உறம்பரை எல்லாம் போன பிறகு போக வேண்டும். முதலில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சும்மா உட்கார வேண்டும். பிறகு, கடைசி ஒரு மாசம் எப்படி இருந்தாரு என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். எத்தனையோ நாளாக அதைச் சொல்ல ஆள் தேடியவர்கள் போல எல்லாவற்றையும் சொல்வார்கள். அந்த மஞ்சப்பையை நான் கேட்கவில்லை, அவராகவே எடுத்து வந்தார்.

சட்டத்துக்கும் பஞ்சமில்லை. பொது சுகாதாரத்துக்கு என்று 1939லேயே தனிச் சட்டம் கண்ட மாகாணம் இது. அந்தச் சட்டத்தைக் கொண்டுதான் 2024 நவம்பரில் பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவிக்க வேண்டியதாக அறிவித்தார்கள். மஞ்சள் காட்டிலும் கரும்புக் காட்டிலும் வேலை செய்கிற எங்கள் சனத்துக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும். எங்கே கடி அதிகம் என்று தெரிந்தால்தானே அந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் விஷ முறிவு மருந்தை இருப்பு வைக்க முடியும்? பாம்புக்கடிக்குச் செய்ய முடிந்ததை மற்ற சாவுக்கும் செய்யலாம்.

எழுதிய கணக்கைச் சென்னையில் பூட்டி வைக்காமல் ஆண்டுக்கு ஒரு முறை கிராம சபையில் படிக்க வேண்டும். பெயர் வேண்டாம், வீடு வேண்டாம். இந்த ஊராட்சியில் போன வருடம் எழுபது வயதுக்குள் இத்தனை பேர் இறந்தார்கள், சிறுநீரகம் இத்தனை, மாரடைப்பு இத்தனை, விபத்து இத்தனை, குடி இத்தனை, தற்கொலை இத்தனை, காரணம் தெரியாதது இத்தனை. அவ்வளவு போதும். வரவு செலவு படிக்கிற சபையில் இதையும் படித்தால், நொய்யல் கரைக்காரர்கள் ஆறு பாயாத மேட்டாங்காட்டு ஊரின் கணக்கை வாங்கித் தங்கள் கணக்கோடு வைத்துப் பார்ப்பார்கள். அதன் பிறகு அதிகாரிகளிடம் கேட்க வேண்டியதை அவர்களே கேட்டுக்கொள்வார்கள்.

தங்களிடமும் ஒரு விண்ணப்பம். தங்கள் நாளிதழுக்கு எல்லா வட்டாரத்திலும் நிருபர்கள் இருக்கிறார்கள். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் மாவட்டங்களில் ஆளுக்கு ஒரு வட்டாரம் எடுத்துக்கொண்டு, சென்ற ஆண்டு எழுபது வயதுக்குள் பதிவான வீட்டுச் சாவுகளில் எத்தனைக்கு மருத்துவர் சான்று இருக்கிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கச் சொல்லுங்கள். வரும் பதிலை வந்தபடியே வெளியிடுங்கள். அதைப் படித்துப் புரிந்துகொள்ள உதவி வேண்டுமென்றால், ஓய்வுபெற்ற செவிலியர்கள் ஒவ்வொரு வட்டாரத்திலும் இருக்கிறோம், கூப்பிட்டால் வருகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
சென்னிமலை, ஈரோடு மாவட்டம்.